கார் பார்க்கிங்கில் ஓர் ஓங்கல்

நான் வரைந்த முதல் கடல் வரைபடத்தில் ஓர் ஓங்கல், துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த பள்ளிவாசலின் கார் பார்க்கிங்கில் நீந்திக்கொண்டிருந்தது.

டால்பினை எங்கள் கடற்கரையில் ஓங்கல் என்போம். அந்த வரைபடத்துக்காக மூன்று வாரம் உழைத்திருந்தேன். கடலுக்கு நீலம், மணல்திட்டுக்கு மஞ்சள், ஓங்கலைப் பார்த்ததாகச் சொன்ன இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி. மீனவர் சங்கத்தின் மஜ்லிஸில், அதாவது சுவரோரம் மெத்தை போட்ட கூட்ட அறையில், அதைக் கம்பளத்தின் மேல் விரித்து நான்கு மூலையிலும், அரபுக் காபியான காவா குடிக்கும் நான்கு கோப்பைகளை வைத்தேன். எங்கள் ஆட்களின் அர்பாப், அதாவது படகு முதலாளி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"பாய், யே தோ மேரா பார்க்கிங் ஹை!"

இது என் பார்க்கிங் அல்லவா என்கிறார், இந்தியில். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அவர் வண்டி நிறுத்தும் இடம். சந்தேகமே இல்லை. இன்னொரு புள்ளி, வற்றில், அதாவது கடல் இறங்கும் நேரத்தில், நாய்கள் நடந்து போகும் மணல்திட்டின் உச்சியில் இருந்தது. அர்பாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த எங்கள் மீனவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் திடீரென்று கம்பளத்தின் பூவேலைப்பாட்டை ஆராயத் தொடங்கினார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் அங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடப்புறம் எனக்கு ஊர். அப்பா கட்டுமரத்துக்காரர், கையெழுத்து கேட்டால் பெருவிரலை நீட்டுவார். வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். விலங்கியல் பட்டம். அதை வைத்துக்கொண்டு துபாய்க்கு வந்து அல் குசைஸில் ஒரு குடோனில் டைல்ஸ் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஊர் முழுக்கக் கட்டடம் முளைத்துக்கொண்டே இருந்ததால் டைல்ஸுக்குக் குறைவே இல்லை. அக்காவின் கணவர், என் அத்தான், வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்தில் பதினோரு வருடமாக மீன்பிடி படகில் இருந்தார், இப்போது ஒரு படகுக்குத் தலைவர். அங்கே மீனவர் சங்க ஆபீஸில் படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்றதும் அர்பாப்பிடம் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டார். "எங்க வீட்டுப் படிப்பாளி" என்று எல்லாரிடமும் என்னை அறிமுகம் செய்தார். கேலியா பெருமையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் சேர்ந்த சில மாதத்தில் கரையில் ஓர் ஓங்கல் செத்து ஒதுங்கியது. வாலில் வலை இறுக்கிய தடம். பத்திரிகையில் படம் வந்தது. அரசின் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அந்த நாட்டுப் பெண், என் வயதுதான் இருக்கும், ஆங்கிலமும் அரபியும் சரளம். அவருடன் கடல் விலங்குகளைக் காக்கும் ஓர் அமைப்பின் ஆய்வாளரும் வந்தார். வெயிலில் மூக்கு உரிந்த வெள்ளைக்கார அம்மா. எந்நேரமும் கழுத்தில் பைனாகுலர் தொங்கும்.

அந்த அம்மா அதற்கு முன்பு ஆற்று ஓங்கல்களோடு பல வருடம் வேலை செய்தவர். "ஆற்றில் என்ன பாடம் என்றால், கரையில் இருப்பவர்கள் கைகொடுக்காமல் ஒரு விலங்கும் பிழைத்ததில்லை" என்பார். "இங்கே ஆறு கிடையாதே மேடம்" என்றேன். வெளியே கையைக் காட்டினார். கோர் என்று அவர்கள் சொல்லும் கழிமுகம், கடலிலிருந்து ஊருக்குள் நீண்டு கிடந்தது. "அதோ இருக்கிறதே. தண்ணீர்தான் இரண்டு பக்கமும் ஓடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர்கள் படகெடுத்துப் பத்து நாள் சுற்றினார்கள். இரண்டே முறைதான் ஓங்கல் கண்ணில் பட்டது. வருடம் முழுக்கக் கடலில் கிடப்பவர்களைக் கேட்டால்தான் உண்டு என்று முடிவாயிற்று. துறைமுகத்தில் ஆறு வலைப் படகுகள். மூன்றில் எங்கள் ஊர் ஆட்கள், மூன்றில் பக்கத்து ஊர் ஆட்கள். ஊரில் கால்பந்துக்கும் திருவிழாவுக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிற இரண்டு ஊர்கள் இங்கே ஒரே தகரக் கொட்டகையின் கீழ் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தன. தமிழும் தெரிந்து, இந்தியும் ஆங்கிலமும் சமாளித்து, விலங்கியலும் படித்த ஆள் என்று பார்த்தால் நான்தான் இருந்தேன். படிவக் கட்டை என்னிடம் கொடுத்தார்கள். டைல்ஸ் பெட்டி எண்ண வந்தவனுக்கு ஓங்கல் எண்ணும் வேலை! அன்று அக்காவுக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன்.

படிவத்தில் நான்கு கேள்விகள். எப்போது பார்த்தீர்கள், எத்தனை பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள், வலையில் விழுந்ததா. பக்கத்து ஊர்ப் படகின் தலைவர் ஓர் அண்ணன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவரிடம்தான் முதலில் போனேன்.

"எத்தன ஓங்கல் அண்ணே?"

"நாலு. இல்ல, அஞ்சுன்னு எழுது. ஒண்ணு குட்டி."

"வலையில விழுந்துச்சா?"

"சே சே."

"எங்க பாத்தீங்க?"

"கடல்ல தாம்லே. பின்ன ரோட்டுலயா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "இல்ல அண்ணே, கணியம் சொல்லுங்க" என்றேன்.

கணியம் என்பது எங்கள் மீனவர்கள் கடலில் இடம் குறிக்கும் முறை. கரையில் ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் தெரியவேண்டும். இன்னொரு திசையிலும் அதேபோல் இரண்டு. இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அதுதான் இடம். ஊரில் அதற்குக் கோயில் கோபுரமும் மலையும் இருந்தன. இங்கே கரை சப்பாத்தி மாதிரி தட்டை. ஆகவே தண்ணீர் டேங்க், பள்ளிவாசல் மினாரா, டெலிபோன் டவர், கரண்ட் ஆபீஸ் புகைபோக்கி என்று புதிதாக வைத்துக்கொண்டார்கள். படகில் ஜிபிஎஸ் இருந்தது. ஆனால் மீன் இருக்கும் இடத்தை அதில் ஒருவரும் பதிந்து வைக்கமாட்டார்கள். பட்டனை அமுக்கினால் எவனும் பார்த்துவிடலாம் அல்லவா? மண்டைக்குள் இருக்கிற கணியத்தை எவன் அமுக்கிப் பார்ப்பான்?

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே, "டேங்குக்குப் பொறத்த டவர். இந்தப் பக்கம் க்ரேனுக்கு நேரா மினாரா. எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். ஆறு படகிலும் கேட்டேன். எல்லாரும் சொன்னார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. கரை வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு கோடாக இழுத்துப் புள்ளி வைத்தேன். ஒன்றிரண்டு தரையில் விழுந்தபோது என் ஸ்கேல்தான் பிசகிவிட்டது என்று நினைத்தேன்.

கணியம் என்றால் என்ன என்று தெரிந்த எனக்கு, அதை யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்தே பிறந்தவன் நான். படிவம் கைக்கு வந்ததும் அது மறந்துவிட்டது. ஓங்கல் எங்கே என்றுதானே கேட்கிறேன், மீன் எங்கே என்றா கேட்டேன் என்று இருந்துவிட்டேன். ஓங்கல் மீன் இருக்கும் இடத்தில் தவிர வேறெங்கே இருக்கும்?

மஜ்லிஸில் அர்பாப் சிரித்து முடித்ததும் அதிகாரி வரைபடத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் கோரின் தெற்கே வலைவிடுபவர்கள். ஓங்கலை வடக்கே பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வடக்கே வலைவிடுபவர்கள். ஓங்கல் எல்லாம் தெற்கேதான் என்று சத்தியம் செய்திருந்தார்கள். ஆக வடக்கும் தெற்கும் ஒரே சிவப்பு. நடுவில் கோரின் வாய் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"கரை முழுக்க ஓங்கல் இருக்கிறது என்றால் கரை முழுக்க வலையை நிறுத்தவேண்டி வரும்" என்றார் அதிகாரி. "முதல் தேதிக்குள் நான் அறிக்கை அனுப்பியாக வேண்டும். என்னிடம் இருப்பது இந்த ஒரு வரைபடம்தான்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். கம்பளத்தின் பூக்களிலிருந்து எல்லாக் கண்களும் ஒரேயடியாக நிமிர்ந்தன.

வலை நின்றால் என்ன ஆகும் என்பதை அர்பாப் ஒளிக்காமல் சொன்னார். அவர் நல்ல மனிதர். ஆனால் வேலையில்லாத இத்தனை பேரை விசாவில் வைத்திருக்க அவராலும் முடியாது. நெய்மீன் காலம் தொடங்கும் முன் நாலு பேரையாவது ஊருக்கு அனுப்பவேண்டியிருக்கும். சம்பளம் கூடுதல் என்பதால் பதினோரு வருடம் ஆன ஆளிலிருந்துதான் தொடங்குவார்கள். அத்தான் என் பக்கம் திரும்பவில்லை. என் அக்காவுக்கு நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். உன் வீட்டுக்காரரை ஊருக்கு அனுப்பியது நான் கலர் பென்சிலால் வரைந்த படம் என்றா?

ஆய்வாளர் அம்மா வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இதில் பிழை இருக்கிறது. உனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பத்து நாள் இருக்கிறது" என்றார்.

அன்று சாயங்காலம் ரூமில் அத்தான் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏன் அத்தான் பொய் சொன்னீங்க?"

"நீ ஏன் மாப்ள உண்மையக் கேட்ட?"

"ஓங்கலத்தானே கேட்டேன்."

"ஒரு ஆளுட்ட, ஒம் பணத்த எங்க வச்சிருக்கன்னு கேக்கல, ஒன் வீட்டுப் பூனை எங்க படுக்கும்னுதான் கேட்டேன்னு சொல்லுத மாதிரி இருக்கு. பூனை பணப்பெட்டி மேலதாண்டே படுக்கும்."

வலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை அது. அவர் பொத்திக்கொண்டிருந்த ஓட்டை வாசல் அகலம் இருந்தது. பாறையில் கிழிந்தால் நூல் பிசிறும். இது பிசிறவில்லை. விளிம்பு நேராக, ஒரே வெட்டாக இருந்தது.

"இது கத்தி வெட்டுல்லா?"

அத்தான் ஊசியை நிறுத்தாமலே சொன்னார். "குட்டி. வாலு சுத்திக்கிச்சு. தாயி படகச் சுத்திச் சுத்தி வருது. மூச்சு விடணும்லா அதுக்கு. வலைய எடுத்துப் பிரிச்சிட்டு இருந்தா செத்துரும். அறுத்துவிட்டோம்."

"எத்தன தடவ இப்படி?"

"ஆரு எண்ணுனா."

"எங்க வச்சு?"

ஊசி நின்றது. "அத மட்டும் கேக்காத."

மறுநாள் காலை துறைமுகத்தில் தகரக் கொட்டகை முழுக்க நடந்தேன். இந்த முறை படிவம் எடுத்துப் போகவில்லை. ஆறு படகின் வலைகளும் காய்ந்துகொண்டிருந்தன. ஆறிலும் வெள்ளை வலையில் பச்சை நூல், நீல நூல், கிடைத்த நூல் போட்டுப் பொத்திய பெரிய பெரிய சதுரங்கள். எல்லாம் நேர் வெட்டு. பக்கத்து ஊர் அண்ணனின் வலையில் மட்டும் ஏழு. ஒருவரும் ஓங்கலைக் கொல்ல விரும்பவில்லை. ஒவ்வொருவரும் தன் வலையைத் தானே அறுத்திருக்கிறார்கள். ஆனால் எங்கே அறுத்தார்கள் என்று சொன்னால் மீன் எங்கே என்று சொன்னதாகிவிடும். என் படிவத்துக்குக் கிடைக்காத பதிலெல்லாம் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது. வலை பார்க்கத் தெரிந்த வீட்டில் பிறந்துவிட்டு நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த நாட்டில் விடுமுறை வெள்ளி என்பதால் எங்களுக்கும் பூசை அன்றுதான். நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பிக்கப்பில் போவோம். ஏறும் பக்கம் மட்டும் வேறு. பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்வதற்கு, வரிசை நின்றது. அத்தான் வரிசையில் நின்றார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி மீசை அண்ணன். ஒருவர் உள்ளே போவார், திரைக்கு அப்பால் மெதுவாகப் பேசுவார், இறுக்கம் தளர்ந்த முகத்தோடு வெளியே வருவார். அடுத்தவர் போவார். உள்ளே என்ன சொன்னார் என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள்.

திரும்பும்போது பிக்கப்பில் நான் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவீங்களா?"

"பின்ன? ஒளிச்சா அதுவே ஒரு பாவம்லா."

"கணியத்தையும் சொல்லுவீங்களா?"

"அது சொல்லமாட்டேன் மக்கா. அவரும் கடப்புறத்துக்காரரு."

வண்டியே குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் எனக்கு வழி கிடைத்துவிட்டது. ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும். பெயர் இருக்கக் கூடாது. கேட்க ஆளும் இருக்கக் கூடாது.

அடுத்த நாளே ஆய்வாளர் அம்மாவிடமும் அதிகாரியிடமும் என் யோசனையைச் சொன்னேன். வரைபடத்தில் புள்ளி வேண்டாம், பெரிய பெரிய கட்டம் போடுவோம். ஒரு கட்டத்துக்குள் எந்த மூலையில் யார் வலைவிடுகிறார் என்று தெரியாத அளவுக்குப் பெரியது. வரைபடத்தைத் தனி அறையில் மேசைமேல் விரித்துவிட்டு எல்லாரும் வெளியே இருப்போம். படகுக்கு ஓர் ஆள் உள்ளே போய், தாங்கள் வலையை அறுத்த கட்டத்தில் அறுத்த தடவைக்கு ஒன்றாக ஏதாவது வைத்துவிட்டு வரட்டும்.

"எதை வைப்பது?" என்றார் அதிகாரி. மஜ்லிஸில் எந்நேரமும் பேரீச்சம்பழமும் காவாவும் இருக்கும். தட்டில் கொட்டைகள் கிடந்தன. நான் அதைக் காட்டினேன்.

அதிகாரி சற்று யோசித்தார். பிறகு, என்னிடம் கேட்காமலே, இன்னொன்றும் சேர்த்தார். வலையில் ஓங்கல் விழுந்ததாகச் சொல்லும் எவர்மீதும் நடவடிக்கை கிடையாது என்று அலுவலகத்திலிருந்து எழுதி வாங்கி வருகிறேன் என்றார். இரண்டு நாளில் முத்திரையோடு காகிதம் வந்தது. அதை நான் தமிழில் இரண்டு முறை சத்தமாக வாசித்தேன். மீசை அண்ணன் வாங்கி முத்திரையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கெடுவின் கடைசி நாள், பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் மஜ்லிஸில் கூடினோம். பேரீச்சம்பழம் தின்று முடித்தாயிற்று. ஆளுக்கு ஒரு பிடி கொட்டை. பக்கத்து அறையில் வரைபடம் தயார். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"யல்லா, கிளம்புங்கள்" என்றார் அர்பாப்.

அப்போதுதான் மீசை அண்ணன் அந்தக் கேள்வியைப் போட்டார். "மக்கா, ஒரு சந்தேகம். கடைசியில போறவனுக்குப் பயமில்ல. எல்லாக் கொட்டையும் கலந்து கெடக்கும். மொதல்ல போறவன் கொட்ட மட்டும் தனியாத் தெரியுமே. ரெண்டாவது போறவன் பாத்துருவானே?"

இதை நான் யோசிக்கவே இல்லை. பட்டம் வாங்கிய மண்டைக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிவிட்டது. தடுமாறிப் போய், அர்பாப் முதலில் போகட்டுமே என்றேன். அர்பாப் தலையை ஆட்டினார். அவரும் இளமையில் வலைவிட்டவர்தான். "நான் வைத்தால் எல்லாரும் எனக்கு மரியாதை பண்ணி அங்கேயே வைப்பார்கள். கலாஸ், வேலை கெட்டுப்போகும். நான் கடைசி" என்றார் இந்தியில். அதுவும் நியாயம்தான்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் முதல் தேதி.

அத்தான் எழுந்தார்.

"நான் போறேன்."

"வே, யோசிச்சுப் போரும். அடுத்தது நான்தான்" என்றார் மீசை அண்ணன், மீசைக்குள் சிரித்துக்கொண்டே.

அத்தான் அவரைக் கவனிக்காமல் என் அருகே வந்து நின்றார். "மாப்ள, நீ சொன்ன வார்த்தைக்காகப் போறேன். நாளைக்கு விடியும் முன்ன இவன் அங்க வந்து வலைய விட்டான்னு வையி, ரூமுல ஒனக்குச் சோறு கெடையாது. ஓங்கல் கூடப் போயி மீன் புடிச்சுத் தின்னு."

உள்ளே போனார். கதவு மூடியது. பதினோரு வருடத்துச் சொத்து அவர் கைப்பிடியில் கொட்டையாக இருந்தது. சீக்கிரமே வந்துவிட்டார். கை காலி. யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து காவா ஊற்றிக்கொண்டார்.

மீசை அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! ஆய்வாளர் அம்மாவின் கையிலிருந்து கோப்பை நழுவியது. அண்ணன் கதவைத் திறந்து, பேசக்கூடாது என்ற விதி எல்லாம் மறந்து, விரலை நீட்டினார்.

"வே! நீருதானா அது? ரெண்டு வருசமா நம்ம எடத்துல மீன் கொறையுதே கொறையுதேன்னு நான் தண்ணியத் திட்டிக்கிட்டுக் கெடக்கேன்!"

அத்தான் காவாவைக் கீழே வைத்தார். "எது உம்ம எடம்?"

"கோரு வாயி! செவ்வாயும் வியாழனும் நான் அங்கதானே!"

"நான் திங்களும் புதனும்" என்றார் அத்தான், தன்னை அறியாமலேயே.

"எந்தக் கணியம் வச்சு வாறீரு?"

"டேங்குக்கு மினாரா. புகைக்கொழாய்க்கு டவரு."

"நான் க்ரேனுக்கு மினாரால்லா வச்சிருந்தேன்! க்ரேன தொறமொகத்துக்காரன் நவுத்திட்டான். ஒரு மாசம் எடந்தெரியாம அலஞ்சேன் வே!"

இருவரும் ஒரே இடத்துக்கு வேறு வேறு அடையாளம் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள். வடக்கே வலைவிடுகிறவர், தெற்கே வலைவிடுகிறவர் என்பதெல்லாம் மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு. இருவரும் ஆளில்லாத நாள் பார்த்துக் கோரின் வாய்க்கு வந்து போயிருக்கிறார்கள். மிச்சம் நான்கு படகின் தலைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த அசட்டுச் சிரிப்பைக் கண்டதும், அவர்களும் அங்கேதான் வந்து போகிறார்கள் என்று எனக்கே புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகப் போனார்கள். இப்போது யாருக்கும் தயக்கமில்லை. கடைசியில் அர்பாப் எழுந்து, தன் கந்தூரா என்ற நீள அங்கியைச் சரிசெய்துகொண்டு, ஒரே ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வரும்போது அவருக்கும் சிரிப்பு. "என் அப்பா காட்டிய இடம். என் மகனுக்குக்கூட நான் சொல்லவில்லை" என்றார். "ஹிந்துஸ்தானிலிருந்து வந்தவனுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது?"

"ஓங்கல் காட்டுச்சு அர்பாப்" என்றார் அத்தான்.

அதிகாரியும் ஆய்வாளர் அம்மாவும் நானும் உள்ளே போய்ப் பார்த்தோம். வரைபடத்தில் வடக்கே ஒன்றிரண்டு, தெற்கே மூன்று. மற்ற அத்தனையும் கோரின் வாயில், ஒரே கட்டத்தில், சின்ன மேடாகக் குவிந்திருந்தன. என் முதல் படத்தில் வெள்ளையாக விட்டிருந்த அதே கட்டம். அம்மா பைனாகுலரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பத்து நாள் கடலில் சுற்றினேன். இவ்வளவுதானா?" என்றார். பிறகு ஒவ்வொரு கொட்டையையும் எண்ணி எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் கண் கலங்கியிருந்ததை அதிகாரி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். ஒவ்வொரு கொட்டையும் யாரோ தன் வலையை அறுத்த ஒரு தடவை.

அறிக்கை அன்றே போயிற்று. கரை முழுவதற்கும் தடை இல்லை. கோரின் வாயில் இருந்த அந்த ஒரு கட்டத்தில் மட்டும் வலை கூடாது, தூண்டில் போடலாம், இஞ்சினை மெதுவாக ஓட்டவேண்டும். குட்டியை விடுவிக்க வலையை அறுத்தால், வலையில் அறுத்த ஓட்டையைக் காட்டினால் போதும், பொத்துவதற்கு நூலை அந்த அமைப்பு கொடுக்கும். எங்கே என்று கேட்கும் கேள்விக்குக் கட்டத்தின் எண்ணைச் சொன்னால் போதும் என்று படிவத்தை நானே மாற்றி எழுதினேன். யாரும் ஊருக்கு அனுப்பப்படவில்லை. அக்காவுக்குப் போன் செய்தபோது அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. "அவிய என்னமோ சிரிச்சுக்கிட்டே இருக்காவ, என்னடே விசயம்?" என்று கேட்டாள்.

நெய்மீன் காலம் தொடங்கிய முதல் வாரம், அத்தான் படகில் நானும் போனேன். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கோரின் வாயில் எங்களுக்கு முன்பே நான்கு படகுகள் தூண்டிலோடு நின்றன. கூப்பிடு தூரத்தில் மீசை அண்ணன்.

"வே, இன்னைக்குப் புதன்லா! உம்ம நாளு. வாரும் வாரும், எடம் போட்டு வச்சிருக்கேன்!"

"ரகசியம்னு வாழ்க்கையில ஒண்ணு வச்சிருந்தேன். அதயும் கொளத்தடியாக்கிட்டான் படிப்பாளி" என்றார் அத்தான் என்னைக் காட்டி. சொல்லிக்கொண்டே படகைத் திருப்பியவர், பழக்கம் விடாமல் கரையைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். டேங்குக்கு நேராக மினாரா வரும்வரை காத்திருந்து, பிறகுதான் இஞ்சினை அணைத்தார். சுற்றி நான்கு படகு நிற்கும் இடத்துக்குக் கணியம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் படகுக்கும் எங்கள் படகுக்கும் நடுவில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சாம்பல் நிற முதுகு ஒன்று, அதன் விலாவை ஒட்டி இன்னொன்று, சிறியது. எழுந்து, அமிழ்ந்து, கோருக்குள் போயின. சட்டைப்பையிலிருந்து நான் படிவத்தை எடுத்தேன்.

"எத்தனன்னு எழுதப்போற?" என்றார் அத்தான்.

"ரெண்டு."

"மூணு. இன்னொண்ணு ஒனக்குப் பொறத்த போச்சு. எழுத்துல கண்ண வச்சிருந்தா தண்ணி எங்க தெரியும்?"

நான் மூன்று என்று எழுதினேன். அண்ணன் தன் படகிலிருந்து, "நாலு! நாலு!" என்று கத்தினார். அதையும் அடித்துத் திருத்தினேன்.